பால்மங்கும் பழங்கலமும்

அஞ்சல்தலை திரட்டுவோர் உளர். பழங்காசு திரட்டுவோர் உளர். வண்ணத்துப்பூச்சிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைப்போரும் உளர். பழைய மண்கலங்களைத் திரட்டுவோர் நம்மிடையே மிகச் சிலரே. பொருள் மிக்கோர் சீனப் பீங்கானை வாங்கிக் கூடத்தில் அலங்காரமாக வைப்பதைக் கண்டிருக்கிறோம். ஆனால், பாட்டி புளிக்குழம்பு வைத்த சட்டியையும், லயத்து வாசலில் நின்ற தண்ணீர்ச் சாடியையும், பால்மரத்தில் மாட்டியிருந்த மங்கினையும் ஒருவர் எடுத்துப் பேணினால், “இவருக்கு வேறு வேலை இல்லையா?” என்று கேட்பதே உலகியல்பாக இருக்கிறது. அக்கேள்விக்கு என்னால் இயன்ற விடையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண்கலத்தின் மதிப்பு

மரம் உளுத்துப் போகும், துணி மக்கும், இரும்பு துருவேறும், பொன்னும் செம்பும் உருக்கப்பட்டு வேறு உருவம் பெறும். சுட்ட மண்ணோ இவற்றுள் எதற்கும் இரையாவதில்லை. கலம் எளிதில் உடையும். ஆனால் உடைந்த ஓடு எளிதில் அழியாது. திருடுவார்க்கு அதனால் பயனில்லை. உருக்குவார்க்கு அது பொருளில்லை. ஆகவே, போட்ட இடத்தில் போட்டபடியே ஆயிரம் ஆண்டுகள் கிடக்கிறது. மக்கள் வாழ்ந்த இடத்தைத் தேடுவோர் முதலில் பானை ஓட்டைத் தேடுவதன் காரணம் இதுவே.

ஆதிச்சநல்லூரில் 1876இல் செருமானியராகிய யாகோர் தோண்டிப் பார்த்தார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ என்பார் அங்கு விரிவாக அகழ்ந்தார். இறந்தோரை இட்டுப் புதைத்த தாழிகள் அங்கே மிகப் பலவாக வெளிப்பட்டன. தாழி வனையும் குயவனை விளித்துப் பாடும் பாடல்கள் புறநானூற்றில் இருப்பதைத் தமிழாசிரியர் அறிவர். ஏட்டிலே படித்த தாழியைக் கண்ணாற் காணச் செய்தது மண்வெட்டியே.

அரிக்கமேட்டின் செய்தி இன்னும் சுவையானது. 1944இல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடியொன்றின் உடைந்த பகுதியைக் கண்டார். அது புதுச்சேரிக்கு அருகில் கிடைத்தது என்று அறிந்ததும், 1945இல் அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தினார். இத்தாலியில் அரெச்சோ என்னும் ஊரில் செய்யப்பட்ட சிவப்புக் கலங்களின் ஓடுகள் அங்கே கிடைத்தன. அக்கலங்களின் காலம் ஐரோப்பாவில் முன்பே நன்கு அறியப்பட்டிருந்தது. அவை கிடைத்த மண்ணடுக்கைக் கொண்டு, அதே அடுக்கில் கிடைத்த நம் நாட்டுக் கலங்களின் காலத்தையும் கணிக்க முடிந்தது. ஓர் ஓட்டுக்கு மற்றோர் ஓடு சான்று கூறிற்று. ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும்: இரண்டும் ஓரிடத்தில், ஓரடுக்கில் கிடந்தன என்பதனாலேயே அச்சான்று பிறந்தது. இடம் அறியாத ஓடு ஊமை ஓடு.

நம் பக்கத்து நாடாகிய தாய்லாந்திலும் இத்தகைய சான்று உண்டு. அதன் மேற்குக் கரையிலுள்ள பூ காவ் தோங் என்னும் இடத்தில், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடொன்று கிடைத்த செய்தி 2006இல் வெளிவந்தது. அதிலிருந்தவை மூன்றே எழுத்துகள். அதன் காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்று ஐராவதம் மகாதேவன் கருத்துரைத்தார். எகிப்து நாட்டுச் செங்கடல் துறைகளிலும் தமிழ் எழுத்துடைய ஓடுகள் கிடைத்துள்ளன. கப்பலேறிச் சென்ற தமிழர் பெயரையும் பொருளையும் பட்டும் பொன்னும் காத்துவைக்கவில்லை, பானை காத்துவைத்தது.

மூவகைக் கலங்கள்

திரட்டப் புகுவோர் முதலில் கலங்களின் வகையை அறிதல் வேண்டும். மண்ணும் வெப்பமுமே வகையை வரையறுக்கின்றன.

முதலாவது, சுடுமண் கலம். ஏறத்தாழ 700 முதல் 1,000 பாகை செல்சியசு வரையிலான வெப்பத்தில் வேகுவது. நுண்துளைகள் உடையது. நம் பானையும் சட்டியும் அகலும் இவ்வகை. விரலால் தட்டினால் மந்தமான ஒலி எழும். இரண்டாவது, கல்லைப்போல் இறுகிய கலம். ஏறத்தாழ 1,200 பாகைக்கு மேல் வேகுவது. நீர் ஊறாது. ஊறுகாய்ச் சாடியும், முட்டையை உப்பிலிட்ட சீனச் சாடியும் இவ்வகை. மூன்றாவது பீங்கான். வெண்களிமண்ணால் வனைந்து ஏறத்தாழ 1,300 பாகையில் சுடப்படுவது. மெல்லிய பகுதியினூடே ஒளி ஊடுருவும். தட்டினால் மணிபோல் ஒலிக்கும்.

நம் நாட்டிலே இம்மூன்றையும் காணலாம். பேராக் மாநிலத்தில் கோலகங்சாரை அடுத்த சாயோங்கில் செய்யப்படும் ‘லாபு சாயோங்’ என்னும் சுரைக்குடுவை வடிவ நீர்க்கலம் புகழ்பெற்றது. சூடு ஆறாத கலத்தை உமியில் புதைப்பர். உமி கருகி எழும் புகை படிந்து கலம் கருநிறம் பெறும். அதில் ஊற்றிய நீர் நுண்துளைகள் வழியே மெல்லக் கசிந்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை எஞ்சிய நீரிலிருந்தே எடுத்துக்கொள்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. நம் மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சிக்கும் காரணம் இதுவே. அறிவியல் பாடத்தில் ஆவியாதலைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதைவிட எளிய கருவி வேண்டுமோ?

கிளந்தானில் கோலக்கிராயை ஒட்டிய மம்போங்கில் மலாய்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சமையற் கலங்கள் செய்து வந்துள்ளனர். சிலாங்கூரில் கோலசிலாங்கூர்ப் பகுதியில் தமிழ்க் குயவர் குடும்பங்கள் பொங்கற் பானையும் தீபாவளி அகலும் வனைந்து வருகின்றன. சக்கரத்தில் கழுத்தையும் தோளையும் வனைந்து, சற்றுக் காய்ந்தபின், உள்ளே கல்லை அணைத்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை உருட்டுவது நம்மவர் முறை. அடி உருண்டையாக இருப்பதால் நெருப்பின் வெப்பம் சீராகப் பரவுகிறது. மூலை இல்லாமையால் வெடிப்பும் குறைகிறது. எங்கள் லாபிசிலிருந்து சாஆ, யோங் பெங் வழியாகத் தெற்கே சென்றால் ஆயர் ஈத்தாம் வரும். அவ்வட்டாரம் சீனக் குயவர்களின் கைத்திறத்தால் பெயர் பெற்றது. ஜொகூர்க் கடலிலும் கலங்கள் உறங்கின. 2001இல் தெசாரு கரைக்கு அப்பால் கண்டறியப்பட்ட, 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த கப்பலொன்றில் சீனப் பீங்கான் சரக்கு இருந்தது.

பால்மங்கின் வரலாறு

இவை யாவும் அருங்காட்சியகத்தார் அறிந்தவை. தோட்டத்து மக்களாகிய நாம் அன்றாடம் கையாண்ட கலம் ஒன்று உண்டு. அதுவே பால்மங்கு. மலாய்மொழியில் கிண்ணத்தைக் குறிக்கும் ‘மங்கோக்’ என்னும் சொல்லை இச்சொல்லின் ஒலி நினைவூட்டும்.

1877இல் 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவ்வழியில் கோலகங்சாரில் நடப்பட்ட மரமொன்று இன்றும் நிற்கிறது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். மரம் சாகாமல் ஆண்டுக்கணக்கிற் பால் தரும் என்றானதும் தோட்டங்கள் பெருகின. மரத்துக்கு ஒரு கலம் வேண்டுமன்றோ? ஒருவர் ஒரு நாளில் வெட்டும் மரங்கள் 400, 500 என்று வைத்துக்கொண்டால், ஒரு தோட்டத்துக்கே எத்தனை ஆயிரம் மங்குகள் வேண்டும் என்பதை மாணவரே கணக்கிட்டுக் கூறுவர்.

தேங்காய்ச் சிரட்டையைச் சிறு தோட்டக்காரர் பயன்படுத்தினர். தகரக் குவளையும் பயன்பட்டது. சிரட்டை உளுத்தது, தகரம் துருப்பிடித்தது. சுட்ட கலத்துக்கு இவ்விரண்டு குறையும் இல்லை. உட்புறம் மெருகுப்பூச்சு இருந்தமையால் உறைந்த பால் தோல்போல உரிந்து வந்தது. மங்கில் பழைய பால் ஒட்டியிருந்தால் அதில் நுண்ணுயிர் பெருகிப் புதுப்பாலையும் நேரத்துக்கு முன்னே உறையச் செய்துவிடும். ஆகவேதான் நாள்தோறும் மங்கு துடைத்தல் வேண்டியதாயிற்று. அவ்வேலை பெரும்பாலும் குழந்தைகளின் தலையில் விழுந்தது. தாயோ தந்தையோ உளியால் பட்டை சீவ, முன்னே ஓடி ஒட்டுப்பாலை இழுத்து மங்கைத் துடைத்து வைத்த சிறுவர் பலர், பின்னரே பள்ளிக்கு வந்தனர். சிலர் வரவே இல்லை. நானும் விடுமுறை நாட்களில் மங்கு துடைத்தவன்தான்.

இம்மங்குகள் எங்கே பிறந்தன? சீனக் குயவர்கள் கட்டிய ‘டிராகன் சூளை’களிலே. மேட்டுச் சரிவில் செங்கல்லால் நீண்ட குகைபோல் கட்டப்படும் சூளை அது. கீழ்வாயில் தீ மூட்டினால், வெப்பம் சரிவில் ஏறி மேல்முனை வழியே புகையாய் வெளியேறும். பக்கத்துளைகள் வழியே விறகிட்டுக்கொண்டே மேலேறுவர். வாயில் தீயும் வாலில் புகையுமாக நீண்டு கிடப்பதால் கடல்நாகத்தின் பெயர் அதற்கு அமைந்தது. சிங்கப்பூரில் ஜாலான் பஹாரிலுள்ள தௌ குவாங் சூளை 1940இல் கட்டப்பட்டது. பால்மங்கும் பூந்தொட்டியும் நீர்ச்சாடியும் அங்குச் சுடப்பட்டன. முதிர்ந்து பால் வற்றி வெட்டப்பட்ட இரப்பர் மரங்களோ செங்கற் சூளைகளுக்கும் மட்பாண்டச் சூளைகளுக்கும் விறகாகிப் போயின. சீனர் வனைந்த கலத்தில், தமிழர் பாலெடுத்தனர். அதன் பெயரோ மலாயை நினைவூட்டுகிறது. இந்நாட்டு வரலாற்றை உள்ளங்கையில் ஏந்த விரும்புவோர் ஒரு மங்கைக் கையிலெடுத்தாற் போதும்.

பின்னர் நெகிழி மங்கு வந்தது. இரப்பர் நின்ற மேடுகளில் செம்பனை வந்தது. லாபிஸ் வட்டாரத்திலும் பால்மரத்தோடு மங்கும் மறைந்தது.

நான் செய்த பிழை

இங்கே என் பிழையொன்றை மறைக்காமற் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் பழைய ஸ்டோரை இடித்தனர். மூலையில் மங்குகள் மலைபோற் குவிந்து கிடந்தன. தோட்டச் சாலையின் பள்ளத்தை நிரப்ப அவற்றை உடைத்துப் போடவிருந்தனர். நான் அனுமதி கேட்டு, உடையாத மங்குகளாக அறுபது பொறுக்கி அரிசிச் சாக்கில் கொண்டுவந்தேன். மண்ணெண்ணெய் ஊற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். பள்ளியில் ஒரு தட்டில் அடுக்கி, ‘பால்மங்கு’ என்று ஓர் அட்டையும் எழுதி வைத்தேன். பெரிய தொண்டு செய்துவிட்டதாக எனக்கு ஒரு மகிழ்ச்சி.

ஒருநாள் பேரனைப் பள்ளியில் சேர்க்க ஒரு மூதாட்டி வந்தார். அத்தோட்டத்திலேயே நாற்பதாண்டு பால் வெட்டியவர். மங்குகளைக் கண்டதும் ஒன்றை எடுத்துத் திருப்பி அடியைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்துப் பார்த்தார்.

“வாத்தியாரையா, அடியில சாயம் இருந்திருக்குமே, அது எங்க?” என்றார்.

“என்ன சாயம் அம்மா?” என்றேன்.

“எங்க நிரை மங்குக்கு நாங்க செவப்புச் சாயம் போட்டு வச்சிருந்தோம். பக்கத்து நிரைக்காரி மங்கோட கலந்திடக் கூடாதில்ல? அவ பச்சை போடுவா. எந்த மங்கு யாரு மங்குன்னு பாத்தாலே தெரியும்.”

நான் விடை கூற இயலாமல் நின்றேன். அழுக்கு என்று எண்ணி நான் தேய்த்துப் போக்கியது அவர்களுடைய கையெழுத்து! தோட்டத்தார் மொத்தமாக வாங்கிய மங்குகளில், இது என்னுடையது என்று ஓர் உழைப்பாளி இட்டிருந்த ஒரே அடையாளம் அது. அக்குறி இருந்தவரை ஒவ்வொரு மங்கும் ஓர் ஆளுடையது. தேய்த்தபின் அறுபதும் ஒன்றுபோலாயின. இத்தாலிய ஓட்டுக்கு இடம் இருந்ததால் அது பேசிற்று. என் மங்குகளின் வாயை நானே அடைத்துவிட்டேன். மீண்டும் ஸ்டோர் இருந்த இடத்துக்குப் போனேன். எஞ்சியவை சாலைக்கு அடியிற் போயிருந்தன.

அம்மூதாட்டியே என் குறையில் ஒரு பகுதியைத் தீர்த்தார். பழைய லயத்திலிருந்து குடிபெயர்ந்த உறவினர் வீட்டில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்த மங்கொன்றைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். அதன் அடியில் நகக்கண் அளவு சிவப்பு இன்னும் ஒட்டியிருந்தது. எங்கள் பள்ளித் திரட்டில் முதல் எண் இப்பொழுது அதற்கே. அதைக் கழுவவில்லை.

திரட்டும் முறை

பட்டறிவால் கற்ற சில முறைகளை ஆசிரியர்க்கும் ஆர்வலர்க்கும் கூற விரும்புகிறேன்.

ஒன்று: கலம் கைக்கு வந்ததும் கழுவாதீர். கரியும் சுண்ணாம்பும் சாயமும் எண்ணெய்ப் பிசுக்கும் அக்கலத்தின் வரலாறு. படம் பிடித்துக் குறிப்பெழுதிய பின், தளர்ந்த மண்ணை மெல்லிய தூரிகையால் மட்டும் நீக்குக. கம்பித் தூரிகையும் அமிலமும் கூடவே கூடா.

இரண்டு: ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் ஓர் அட்டையும் வேண்டும். எங்கே கிடைத்தது, யார் பயன்படுத்தினர், எதற்குப் பயன்பட்டது, எந்த ஆண்டளவில், உயரமும் வாய் அகலமும் எவ்வளவு, எங்கே விரிசல் என்பன அட்டையில் இருத்தல் வேண்டும். பொருளைத் தந்தவர் அதை எந்தப் பெயரால் அழைத்தாரோ அப்பெயரையும் அவர் சொன்னபடியே எழுதுக. சட்டி, கலயம், தோண்டி, குடம், சால், மிடா என்று நம் மொழியில் கலப்பெயர்கள் பல உள. பொருள் மறையும்போது சொல்லும் மறைகிறது. அகராதியில் காணாத தோட்டச் சொல் அந்த அட்டையில் பிழைத்திருக்கக் கூடும்.

மூன்று: உடைந்ததைத் தள்ளாதீர். முழுக்கலத்தில் காண இயலாத மண்ணின் நிறத்தையும் பூச்சின் கனத்தையும் உடைந்த விளிம்பிற் காணலாம். மாணவர் கையில் கொடுக்கவும் அதுவே ஏற்றது.

நான்கு: வயதை மதிப்பிடுவதில் அவசரம் வேண்டா. பூச்சில் மெல்லிய விரிசல் வலை ஓடுவது முதுமைக்கு உறுதியான சான்று ஆகாது. புதிய கலத்திலும் அது தோன்றும். தேநீர்க் கறை ஏற்றிப் பழையதாகக் காட்டுவாரும் உளர். சீனப் பீங்கானின் அடியிலுள்ள அரச முத்திரையையும் அப்படியே நம்புதல் ஆகாது. முந்திய அரசரின் முத்திரையைப் பிற்காலத்தார் இடுவது வழக்கம். அடியின் தேய்மானம், வனைந்த விரல்வரை, அச்சின் பொருத்துக்கோடு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். கலம் கடைசியாகச் சுடப்பட்ட காலத்தை, அதைச் சூடேற்றும்போது வெளிப்படும் மெல்லிய ஒளியை அளந்து கணிக்கும் முறை ஆய்வுக்கூடங்களில் உண்டு. நமக்கோ, பயன்படுத்திய முதியவரின் வாய்மொழியே பெரும்பாலும் முதற்சான்று.

ஐந்து: பழைய மெருகிட்ட கலங்களில் உண்ணவோ ஊறுகாய் இடவோ வேண்டா. சில பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கும். புளிப்பு அதனைக் கரைத்து உணவில் சேர்க்கும்.

ஆறு: தோண்டாதீர். ஆற்றங்கரையிலும் பழங்குடியிருப்பு மேட்டிலும் ஓடு தென்பட்டால் அதைப் பெயர்த்தெடுப்பது தொண்டன்று; ஒரு நூலின் நடுத்தாளைக் கிழிப்பதற்கு ஒப்பாகும். மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, மரபு மதிப்புடையது என்று கருதத்தக்க பொருளைக் கண்டெடுத்தவர் மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவித்தல் வேண்டும். இந்தியாவிலும் தொல்பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. தமிழகம் சென்று வருவோர் பழங்கலம் வாங்கி வருமுன் இதனை நினைவிற் கொள்க. நாம் திரட்டவேண்டியவை மண்ணுக்குள் கிடப்பன அல்ல. வீட்டுப் பின்புறத்திலும் பரண்மேலும் கிடந்து, அடுத்த குப்பை வண்டியில் ஏறவிருப்பன.

பள்ளியும் திரட்டும்

கீழடியில் கிடைத்த பொருள்களுக்கென 2023இல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் பானையில் கீறிய பெயர்களைக் கண்டு நாம் பெருமிதம் கொள்கிறோம். அது தக்கதே. ஆனால் அப்பானையில் பெயர் கீறியவரும் அரசர் அல்லர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தம் பானை பிறர் பானையோடு கலந்துவிடக் கூடாது என்று எண்ணியவரும் அவர்களுள் இருந்திருப்பர். மங்கின் அடியில் சிவப்புச் சாயம் இட்ட மூதாட்டிக்கும் அவருக்கும் இடையே காலம் ஒன்றுதான் வேறுபாடு.

ஆசிரியப் பயிற்சியில் கற்றல் துணைப்பொருள்கள் பற்றி நமக்கு விரிவாகக் கற்பித்தனர். விலை கொடுத்து வாங்கும் துணைப்பொருள்கள் நல்லவையே. எனினும், ஒரு மாணவன் தன் பாட்டியிடம் சென்று, “இது என்ன? இதற்கு என்ன பெயர்? யார் வைத்திருந்தது?” என்று கேட்டு, விடையை எழுதி, கலத்தோடு வகுப்புக்குக் கொண்டுவருவானாயின், அங்கே மொழிப்பாடமும் வரலாறும் அறிவியலும் ஒருங்கே நடந்துவிடுகின்றன. பாட்டியும் தம் வாழ்நாளில் முதன்முறையாகப் பாடநூல் ஆகிறார்.

பால்மரக் காட்டில் உழைத்த தலைமுறையினர் முதுமை எய்திவிட்டனர். கலத்தைப் பின்னரும் தேடிக்கொள்ளலாம். கலத்தின் கதையைச் சொல்ல வல்லாரை அவ்வாறு பின்னர்த் தேட இயலாது. ஆதலால், திரட்ட எண்ணுவோர் சாக்கை எடுப்பதற்கு முன் குறிப்பேட்டை எடுப்பாராக.